நாகஜோதி பெயரில் வந்த ரிசல்ட்

"ஏனுங்க, நாகஜோதிங்கறது யாருங்க?"

காலை ஏழரை மணி. அருள்புரம் லைன் வீட்டில் பத்து ரூமுக்கும் பொதுவான ஒரே குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நாகஜோதி நிமிர்ந்தாள். எதிரே சுகாதார நர்ஸ் கீதாஞ்சலி. முகத்தில் மாஸ்க். கையில் ஒரு கவர்.

"நான்தான் சிஸ்டர்."

"ஊட்டுக்குள்ள போய்ப் பேசலாங்களா?"

உள்ளே போனதும் நர்ஸ் குரலைத் தணித்தாள்.

"பயப்படாதீங்க. கேம்ப்புல சளி குடுத்தீங்கல்ல, அதுல டிபி கிருமி இருக்குதுங்க."

நாகஜோதி கவரைப் பார்த்தாள். இருக்கவே முடியாது. ஏனென்றால் அது அவள் சளியே இல்லை.

ஒன்றரை மாதமாக அவளுக்கு இருமல். கேட்டவர்களிடமெல்லாம் பனியன் பஞ்சுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தாள். போன வாரம் அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் டிபி கேம்ப் போட்டார்கள். இருமுகிறவர்களுக்கு ஆளுக்கொரு டப்பா. காலையில் எழுந்ததும் இருமித் துப்பி எடுத்து வரவேண்டும்.

"நோயின்னு வந்தா ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்க, அப்புறம் கூப்புடறோம்" என்று சிரித்தபடி சொன்னான் சூப்பர்வைசர் வேல்குமார். போன வருஷம் கூட வேலை பார்த்த ஒச்சாயியும் அப்படித்தான் உசிலம்பட்டிக்குப் போனாள். இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.

நாகஜோதியின் சம்பளத்தை நம்பித்தான் மகள் மதுரையில் ஹாஸ்டலில் படிக்கிறாள். டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்து ரூம் ஆஷாவிடம் போனாள். கைக்குழந்தைக்காரி. வீட்டிலேயே உட்கார்ந்து பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறவள். நோய் நொடி இல்லாத உடம்பு என்று நினைத்தாள்.

ஆஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பக்கத்து வீட்டுல சீனி கேப்பாக, காப்பித்தூள் கேப்பாக. சளியக் கடன் கேட்ட மொத ஆளு நீதான்க்கா! எனக்கும் தொண்டை கரகரன்னுதான் இருக்கு, எடுத்துக்க."

அந்தச் சளிதான் இப்போது நாகஜோதி பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

"ஆறு மாசம் மாத்திரை சாப்பிடோணும். எல்லாமே இலவசம். கம்பெனிக்கு நாங்க சொல்றதில்லீங்க" என்றாள் நர்ஸ்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். செய்த தில்லுமுல்லு வெளியே வராது. வேலையும் போகாது.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். "கூட இருக்கறவங்க யாரு? சின்னக் குழந்தை ஏதாச்சும் பக்கத்துல இருக்குதுங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது.

"சிஸ்டர், அது என் சளி இல்ல."

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். "எல்லாரும் மொதல்ல இதையேதான் சொல்றாங்க. எக்ஸ்ரேவப் பாத்துப்போட்டு, இது என்ற நெஞ்சே இல்லீங்கன்னு ஒருத்தரு சத்தியமே பண்ணுனாரு."

"என் மக மேல ஆணையா இல்ல சிஸ்டர்!"

வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. நாகஜோதி வேன் பக்கம் திரும்பவே இல்லை. நர்ஸின் கையைப் பிடித்துப் பக்கத்து ரூமுக்கு இழுத்துப்போனாள்.

ஆஷா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸைப் பார்த்ததும் நாகஜோதியிடம் கண்ணடித்தாள்.

"என்னக்கா, டப்பா பாஸாயிருச்சா?"

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. அவள் பார்வை ஆஷாவின் துருத்திய கழுத்தெலும்பில் விழுந்தது. அங்கிருந்து குழந்தைக்கு இறங்கியது.

"எத்தனை மாசங்க?"

"அஞ்சு. போன மாசத்துலருந்து எடையே ஏறல சிஸ்டர். சாயங்காலமானா மேலு சுடும். பல்லு மொளைக்குது போலன்னு விட்டுட்டேன்."

நர்ஸின் விரல்கள் குழந்தையின் கழுத்தோரம் தடவிப் போயின. ஒரு சின்ன நெறிக்கட்டியில் நின்றன. மறுபடி அதே இடத்தை அழுத்திப் பார்த்தன.

"மூணு பேரும் கெளம்புங்க. இப்பவே. ஆஸ்பத்திரிக்கு."

"நான் எதுக்கு சிஸ்டர்?" ஆஷாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை.

"ஆஷா..." நாகஜோதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டப்பால இருந்தது டிபி கிருமிடி. உன்னோடது."

வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

ஆஷா மார்பில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பால் கொடுப்பதை நிறுத்துவதா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பால நிறுத்தாதீங்க, மாஸ்க்கப் போட்டுக்கங்க" என்றாள் நர்ஸ் அவசரமாக.

ஆஷா தலையைத் தூக்கினாள். தினமும் தன் குழந்தையைக் கொஞ்சிக் குளிப்பாட்டும் நாகஜோதியை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அக்கா, உன்கிட்டருந்து எங்களுக்கா? இல்ல, எங்ககிட்டருந்து உனக்கா?"

"தெரியலடி."

நாகஜோதி குழந்தையை வாங்கக் கை நீட்டினாள்.

ஆஷா கொடுக்கவில்லை.