காலைப் பட்டாணி

எவால்டின் புறாக் கூண்டில் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தகர டப்பாவில் மக்காச்சோளத்தைப் போட்டுக் குலுக்குவார். நாற்பது புறாக்களும் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே வரும். பசித்த புறாதான் கூண்டுக்குள் இறங்கும், வயிறு நிறைந்தது கூரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் என்பது அவர் கட்சி. சுரங்கத்தில் இருபத்தைந்து வருடமும் புறாக்களோடு முப்பத்தெட்டு வருடமும் கழித்த மனிதரோடு யார் பேசி ஜெயிக்க முடியும்?

அவர் மனைவி ரொசாலியா பேசவில்லை. காலையில் புறாக்களைப் பறக்கவிட்டு அவர் ரொட்டி வாங்கப் போனதும், சமையலறை ஜன்னலைத் திறந்து, காப்பி டப்பாவில் ஒளித்துவைத்திருந்த பட்டாணியில் ஒரு பிடி எடுப்பாள். அது ஒரே ஒரு சாம்பல் பெட்டைக்கு மட்டும். எவால்டுக்கு அது இருநூற்றுப் பதினாலு, கால் வளையத்தில் இருக்கும் எண். ரொசாலியாவுக்கு அது 'பொண்ணு'.

மார்ச் மாதம் பருந்திடம் அடிபட்டு வந்த அதை, செருப்புப் பெட்டியில் துணி விரித்து, அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் வைத்துப் பிழைக்க வைத்தவள் அவள்தான். மகள் கிளவுடியா வேலை கிடைத்து ஹனோவருக்குப் போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது. காலையில் ஜன்னலைத் தட்ட ஓர் உயிர் இருந்தது அவளுக்கு எவ்வளவு ஆறுதல் என்று எவால்டிடம் சொன்னால் சிரிப்பார். அதனால் சொல்லவில்லை.

தூர ஊரில் திறந்துவிடும் புறாக்கள் வீடு திரும்பும் கோடைப் பந்தயங்கள் தொடங்கியதும்தான் வம்பு வந்தது. பெட்டை எல்லாருக்கும் முன்னால் வந்து சேரும்; வந்ததும் கூரையில் இருபது நிமிடம் இறகு கோதும். கூண்டு வாசலில் இருக்கும் பலகையை மிதித்தால்தான் கடிகாரம் நேரத்தைப் பதியும். கீழே எவால்ட் கை வலிக்க டப்பாவைக் குலுக்குவார். அது திரும்பிக்கூடப் பார்க்காது.

"யாரோ தீனி போடுறாங்க. கையில எடுத்தா வாத்து மாதிரி கனக்குது," என்றார் எவால்ட்.

"பக்கத்து வீட்டு ஜெரார்டா இருக்கும்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள் ரொசாலியா.

அன்றிலிருந்து எவால்ட் ஜெரார்டிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். மூன்று வாரமாக இரண்டு கிழவர்களும் முற்றத்தில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். இனி எப்படி உண்மையைச் சொல்வது?

"ஹனோவர் பந்தயம்தான் கடைசி. அன்னிக்கும் கூரையில குந்தினா, திங்கக்கெழம சூப்பு," என்றார் எவால்ட்.

"நான் வைக்க மாட்டேன்."

"நானே வச்சுக்கிறேன். உப்பு எங்க இருக்குன்னு மட்டும் காட்டு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கும் நோயாளிகளுக்கும் புறா சூப்புதான் அந்தத் தெருவில் மருந்து. ரொசாலியாவே எத்தனையோ முறை வைத்திருக்கிறாள்.

அன்றே காலைப் பட்டாணியை நிறுத்தினாள். மறுநாள் பெட்டை வந்து கண்ணாடியைத் தட்டியது. திரையை இழுத்துவிட்டாள். அதற்கடுத்த நாள் வந்தபோது, காதில் விழாமல் இருக்க வானொலியைச் சத்தமாக வைத்தாள். வியாழக்கிழமை அது தட்டிக்கொண்டே இருந்தது. ரொசாலியா உருளைக்கிழங்கு உரித்தபடி அழுதாள். "உன் நல்லதுக்குத்தான்டி," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அது கூடையில் ஏறி லாரியில் போனது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஹனோவரில் புறாக்களைத் திறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மதியம் ரொசாலியா செய்த இறைச்சிச் சுருளையும் ஊதா முட்டைக்கோஸையும் எவால்ட் முற்றத்தில் நின்றபடியே, வானத்தைப் பார்த்துக்கொண்டே தின்றார். மூன்று மணி தாண்டியும் யார் வீட்டுப் புறாவும் வரவில்லை.

மூன்றே காலுக்கு ஒரு சாம்பல் புள்ளி தெரிந்தது. எவால்ட் டப்பாவைக் குலுக்கினார். பெட்டை கூரையில் உட்காரவில்லை, கூண்டையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டியது.

எவால்டின் கை அந்தரத்தில் நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரையை விலக்கியபடி ரொசாலியா, இந்தப் பக்கம் புறா. பழக்கப்பட்ட இடம் என்பது பார்த்தாலே தெரிந்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ரொசாலியா காப்பி டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பெட்டை அவள் பின்னாலேயே பறந்து வந்து, முற்றத்தில் கோழிக்குஞ்சு மாதிரி நடந்து தொடர்ந்தது. அவள் புருஷனைத் தாண்டி, முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாகக் கூண்டுக்குள் நுழைந்து, வாசலுக்கு உள்புறமாகக் கையை நீட்டினாள்.

"வா பொண்ணு, உள்ள வா."

பெட்டை பலகையை மிதித்தது. கடிகாரம் கீச்சென்றது.

எவால்ட் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "அப்ப ஜெரார்டு இல்ல?"

"நான்தான். மார்ச்சுலேர்ந்து. இந்த வாரம் மட்டும் நிறுத்திட்டேன், நீ சூப்பு வைக்கிறேன்னியே."

"நிறுத்திட்டியா?" எவால்டின் முகம் மாறியது. அவசரமாகப் பெட்டையைக் கையில் எடுத்து, நெஞ்சைத் தடவிப் பார்த்தார். திரும்பவும் தடவினார். பிறகு அதை ரொசாலியாவின் கையில் வைத்தார். இறகுக்கு அடியில் எலும்பு கத்தி முனையாகக் குத்தியது.

"கனக்குதேன்னு நான் சாயங்காலம் இதை மட்டும் தனியா அடைச்சு, தீனியப் பாதியாக் குறைச்சேன்," என்றார் எவால்ட். "ஒரு மாசமா."

"பாதியா? என்கிட்ட சொல்லவேயில்லயே."

"நீ மட்டும் சொன்னியா?"

இருவருக்கும் புரிந்துவிட்டது. ஒரு வாரமாகக் காலைப் பட்டாணியும் இல்லை, சாயங்காலமும் அரை வயிறு. அந்த அரை வயிற்றோடு, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து, திரை போட்டு மூடிய ஜன்னலைத் தேடி வந்திருக்கிறது. ரொசாலியாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பெட்டைக்கு அப்படி எதுவும் இல்லை போலிருக்கிறது. அவள் உள்ளங்கையில் இருந்த பட்டாணியை மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தது.

"மெதுவா குடு. வெறும் வயித்துல ஒரேயடியா தின்னா ஆகாது," என்று எவால்ட் தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்திவைத்தார். "நாளைக்கு ஜெரார்டுகிட்ட நீதான் போய்ச் சொல்லணும்."

"ரெண்டு பேரும் போவோம்."

அடுத்த புறா கூரையில் வந்து இறங்கியது. எவால்ட் டப்பாவை எடுக்கவில்லை. கூண்டுத் தரையில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமும் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"இனிமே இதுங்களுக்கு எத்தன வேள போடலாம், ரோசா?"