பச்சியப்பன் அறையின் இருபத்தாறு டிகிரி

அரூரில் இருபத்திரண்டு வருஷமாக ஏசி மெக்கானிக் வேலை பார்க்கிறேன். போன சித்திரையில் தீர்த்தமலை ரோட்டில் இருக்கும் வெண்மதியின் வீட்டுக்கு ஒரே புகாருக்காக மூன்று முறை போக வேண்டியதாகிவிட்டது.

அந்த வீட்டில் மூன்று ஏசி. கீழே வெண்மதியின் கணவர் பச்சியப்பன் படுத்திருக்கும் அறையில் ஒன்று, அதை ஒட்டிய ஹாலில் ஒன்று, மாடியில் பச்சியப்பனின் தம்பி முருகேஷின் அறையில் ஒன்று. பச்சியப்பன் மரவள்ளிக்கிழங்கு லாரியில் லோடு மேல் நின்று கயிறு கட்டும்போது விழுந்தவர். முதுகுத்தண்டில் அடி. கைகள் அசையும், வாய் நன்றாகப் பேசும். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை, வியர்வையும் இல்லை. வெயிலில் நமக்கு வியர்த்துச் சூடு இறங்கும். அவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகும். முந்தின கோடையில் ஒருநாள் காய்ச்சல்மானி நூற்று நான்கைத் தொட்டு, சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்த அறையில் ஏசி என்பது வேளாவேளைக்குக் கொடுக்கும் மருந்து மாதிரி.

“காலையில நல்லாத்தாங்ணா இருக்குது. மத்தியானம் ஒரு மணிக்கு மேல நின்னு நின்னு ஓடுது” என்றார் வெண்மதி. நான் கேஸ் கொஞ்சம் குறைவாக இருப்பதைப் பார்த்து நிரப்பிவிட்டு வந்தேன். நாலே நாளில் மறுபடி போன். இரண்டாம் முறை வெளி யூனிட்டைத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். கிளம்பும்போது, “உச்சி வெயில் நேரா அடிக்குதும்மா. மேல ஏதாச்சும் போட்டு நெழல் பண்ணுங்க” என்று யோசனையும் சொன்னேன்.

வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்து. முன்பக்க அழகு கெடக்கூடாது என்று மூன்று ஏசியின் வெளி யூனிட்டுகளையும் அந்தச் சந்துச் சுவரில்தான் வரிசையாக மாட்டியிருந்தார்கள். நடுவில் இருந்தது பச்சியப்பன் அறையுடையது. நான் சொன்ன மறுநாளே முருகேஷ் ஆள் வைத்து, சந்து முழுக்கத் தகர ஷீட் போட்டுவிட்டார். அண்ணன்மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

பத்து நாள் கழித்து மூன்றாவது போன். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கப் போனேன்.

“அத வெச்சுட்டு வாங்ணா. மொதல்ல சந்தப் பாருங்க” என்றார் வெண்மதி.

சந்துக்குள் கால் வைத்ததும் அடுப்பு வாயில் முகத்தை நீட்டியது போல இருந்தது. வெண்மதி ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். வெட்டி மிஞ்சிய துணிக் கீற்றுகளை யூனிட்டுகளின் முன்னாலும் பக்கவாட்டிலும் பின்னாலும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். முன்னால் இருந்தவை எதிர்ச் சுவரைப் பார்த்துப் படபடத்தன. பக்கவாட்டிலும் பின்னாலும் இருந்தவை யூனிட்டை நோக்கி வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

“ஊதுன சூடு சொவுத்துல மோதித் திரும்புது. அதையே மறுபடி உறிஞ்சுது. நடுவுல இருக்கறதுக்கு ரெண்டு பக்கத்துச் சூடும் சேத்து” என்றார். “மழ வரும்னு ஒருநா துணிய இங்க போட்டேங்ணா. காத்தே இல்லாத எடத்துல கால் மணி நேரத்துல மொடமொடன்னு காஞ்சிருச்சு. அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு.”

அவர் கையில் ஒரு சுவர்த் தெர்மாமீட்டர் இருந்தது. ரோட்டில் முப்பத்தொன்பது, சந்தில் ஐம்பத்திரண்டு. அதோடு விடவில்லை. நாலு நாள், ஒரே நேரத்தில், மற்ற இரண்டு ஏசியையும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்திருக்கிறார். முருகேஷ் வெளியே போயிருந்து மாடி ஏசி நின்ற அன்று பச்சியப்பன் அறை முக்கால் மணியில் இருபத்தாறுக்கு வந்திருக்கிறது. மூன்றும் ஓடிய அன்று முப்பத்தொன்றிலிருந்து அசையவே இல்லை.

என் மீட்டரை வயரில் மாட்டினேன். இழுக்க வேண்டியதைவிட மிக அதிகமாகக் கரண்டை இழுத்துக்கொண்டிருந்தது நடு யூனிட். சூடு தாங்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, ஆறியதும் மறுபடி ஓடியிருக்கிறது. அதற்குத்தான் நான் கேஸ் நிரப்பினேன். அதற்குத்தான் ஷீட் போடவும் சொன்னேன்.

“தப்பு என்னுதும்மா” என்றேன். முகத்தை நிமிர்த்திச் சொல்ல முடியவில்லை.

“நெழல் வேணும்னு நீங்க சொன்னது தப்பில்லீங்ணா. நாங்க மூடி போட்டுட்டோம்” என்றார் அவர்.

நான் ஏறி இரண்டு ஷீட்டைக் கழற்றினேன். சத்தத்தில் முருகேஷ் எழுந்து வந்தார். இரவெல்லாம் வீட்டிலிருந்தே கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை. பகலில்தான் அவருக்குத் தூக்கம்.

“எதுக்கு அண்ணி கழட்டுறீங்க? அண்ணனுக்காகத்தானே போட்டேன்?” என்றார்.

“தெரியும் முருகேஷு. ஒன் ரூம்ல எத்தனைல வெச்சிருக்க?”

“பதினெட்டு.”

“எத்தன காட்டுது?”

“இருபத்தெட்டு. எனக்கும் தூக்கமே வரல அண்ணி.”

“மூணும் ஒண்ண ஒண்ணு சுட்டுக்கிட்டுக் கெடக்குது. ஒன்னுத மொட்ட மாடிக்குக் கொண்டுபோயிட்டா மூணு பேருமே நிம்மதியா இருக்கலாம்.”

முருகேஷ் அந்தத் துணிக் கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு போய் ஏணியைத் தூக்கி வந்து, மிச்ச ஷீட்டை அவரே கழற்றினார்.

மறுநாள் அவர் யூனிட்டை மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டு மாட்டினேன். நாலு பக்கமும் திறந்து, நாலடி உயரத்தில் ஒரு ஷீட். ஹால் யூனிட்டைச் சந்தின் வாசல் பக்கம் தள்ளி, ரோட்டைப் பார்த்துத் திருப்பினேன். கூலி வாங்க மனசில்லை. வெண்மதி விடவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்தவைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தையல் மிஷினை ஹாலிலிருந்து கணவரின் அறைக்கு மாற்றிக்கொண்டார். காலையில் பச்சியப்பனுக்கு ஹாலில் வைத்து உடற்பயிற்சி கொடுக்க ஆள் வரும்போது மட்டும் ஹால் ஏசி ஓடும். மற்ற நேரம் அதற்கு ஓய்வு. பச்சியப்பனுக்கும் பேச்சுத்துணை கிடைத்தது. அளவு கொடுக்க வரும் பெண்களிடம் ஊர்ச் சேதி கேட்பதில் அவருக்குப் பொழுது போனது. அறையில் இருபத்தாறு வைத்து வெண்மதி ஃபேனை மெதுவாக ஓடவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்று கட்டினார். கரண்ட் போய் வந்தால் முதலில் அந்த அறை, ஐந்து நிமிஷம் கழித்துத்தான் மாடி. ஒரே சமயத்தில் எல்லாம் இழுத்தால் வோல்டேஜ் படுத்துவிடும் என்பதையும் அவரே கவனித்திருக்கிறார். முருகேஷும் தன் அறையை இருபத்தைந்துக்கு ஏற்றிவிட்டார். அதிலேயே நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் மத்தியானம் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தீர்த்தமலை ரோட்டுக்குப் போனேன். நான் உள்ளே நுழையும்போது கரண்ட் வந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஈரத் துண்டால் கணவரின் கழுத்தையும் கைகளையும் ஒற்றிக்கொண்டிருந்தார் வெண்மதி.

“எவ்வளவு ஏறுச்சும்மா?” என்றேன்.

“இருபத்தொம்பதத் தாண்டலீங்ணா. ஒடம்புச் சூடு தொண்ணூத்தெட்டரதான்.”

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்தேன். சுவர்த் தெர்மாமீட்டர் இருபத்தெட்டுக்கு இறங்கியது. பிறகு இருபத்தேழு. கம்ப்ரசர் ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தொழிலில் எனக்கு அதைவிட இனிமையான சத்தம் கிடையாது.

பச்சியப்பன் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

“வெண்மதி, தோளு சில்லுங்குது. அந்தப் போர்வையக் கொஞ்சம் மேல இழுத்து விடு.”