மஞ்சள் புள்ளி

ஜோதிமணியின் சிக்கனத்தைப் பற்றி ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அவள் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரர்களைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். பேஸ்ட் தீர்ந்துபோனால் டியூபைக் கத்தரித்து இன்னும் நாலு நாள் ஓட்டுவாள். ஷேர் ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய் கொடுக்க மனசு வராமல் கம்பெனி கேட் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் நடப்பாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்த லைனில் எட்டு வீடு. வட்டிக்காரன் வந்து கதவைத் தட்டாத வீடு அவளுடையது ஒன்றுதான். மகள் சுசித்ரா கிருஷ்ணகிரியில் நர்சிங் படிப்பதும், புருஷன் முனீஸ்வரன் ஓட்டும் குட்டி யானை வண்டிக்குத் தவணை தவறாமல் போவதும் அந்தப் பதினைந்து பதினைந்து ரூபாயால்தான். அதைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும்.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குக் கலங்க ஆரம்பித்து அந்த அக்டோபரோடு பதினாலு மாசம்.

வேறு வேலை என்றால் பரவாயில்லை. அவள் வேலையே பார்ப்பதுதான். பைக் பிரேக்கில் மாட்டுகிற இரும்புப் பாகம் ஒன்று அந்தக் கம்பெனியில் வார்க்கிறார்கள். உள்ளங்கை அளவு இருக்கும். அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தால் ஒதுக்கவேண்டும். நல்லது என்றால் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துப் பெட்டியில் போடவேண்டும். யார் பார்த்துவிட்ட பீஸ் என்று தெரிய ஆளுக்கொரு கலர். ஜோதிமணிக்குப் பச்சை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லாவண்யாவுக்கு மஞ்சள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கடையில் கேட்டதற்கு இரண்டாயிரம் என்றார்கள். கண்ணாடிதானா, இல்லை தங்கமா என்று திரும்பி வந்துவிட்டாள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்டலாம், காசு கேட்க மாட்டார்கள். ஆனால் வேலை நாளில்தான் போகவேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாசத்து அட்டென்டன்ஸ் போனஸ் ஆயிரத்து இருநூறு மொத்தமாகப் போய்விடும். சரி, அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாசம் சுசித்ராவுக்கு ஹாஸ்டல் பீஸ். அதற்கடுத்த மாசம் வண்டிக்கு டயர். பதினோரு வருஷம் பழகிய கை, நகம் வைத்து வருடினாலே விரிசல் தெரியாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடுகு போற இடத்தை ஆராய்கிறவளுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை.

ஜூலை மாசக் கடைசியில் அவளுடைய பச்சை மார்க்கர் காய்ந்துபோனது. மாசத்துக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள். நடுவில் கேட்டால் சம்பளத்தில் நாற்பது ரூபாய் பிடிப்பார்கள்.

"ரெண்டு நாளைக்கு நாப்பது ரூவாயா?" என்றாள் ஜோதிமணி.

"என்னோடத வெச்சுக்கோங்கக்கா. நடுவுல போட்டுக்கலாம், ரெண்டு பேரும் எடுத்துக்கலாம்," என்றாள் லாவண்யா. இருபத்துநாலு வயசுப் பெண். கான்ட்ராக்டில் சேர்ந்து மூன்று வருஷம். ஜோதிமணி சொல்லித்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். முப்பது, முப்பத்தொன்று, இரண்டு நாளும் இரண்டு பேரும் மஞ்சள் புள்ளியே வைத்தார்கள்.

அக்டோபரில் ஒரு காலை சூப்பர்வைசர் மாதேஷ் ஒரு டிரேயைக் கொண்டுவந்து மேஜையில் டம்மென்று வைத்தான். ஜவளகிரிப் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"இருவத்தேழு பீஸ் கஸ்டமர்கிட்ட இருந்து திரும்பி வந்திருக்குது. எல்லாம் ஜூலை முப்பது, முப்பத்தொண்ணு தேதி, அந்த ரெண்டு நாளு வார்ப்பே மோசம். எல்லாத்துலயும் கிராக். எல்லாத்துலயும் மஞ்சப் புள்ளி. நோடி, நல்லா கண்ணத் தொறந்து பாருங்க."

பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். "அடேயப்பா, இது தெரியலயா?" என்றாள் எதிரே உட்காரும் பிரவீனா. ஜோதிமணியும் ஒன்றை எடுத்தாள். விளக்கடியில் திருப்பினாள். சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. புள்ளி தெரிந்தது. விரிசல் தெரியவில்லை. நகத்தால் வருடினாள், அதற்கும் அகப்படவில்லை. எல்லாருக்கும் தெரிகிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை.

"தெரியுதாக்கா?" என்று மாதேஷ் கேட்டான்.

"தெரியுதுங்க சார்," என்றாள்.

"சார், நான் நல்லா பாத்துத்தான் சார் வெச்சேன்," என்று லாவண்யா சொன்னாள். சொல்லிவிட்டு ஜோதிமணியைத் திரும்பிப் பார்த்தாள். ஜோதிமணி குனிந்து டிரேயில் எதையோ தேடுவதுபோல இருந்தாள்.

இந்த மாசம் பெர்மனென்ட் ஆகிறவர்கள் லிஸ்டில் லாவண்யா பேர் இருந்தது. அதை அடித்தாயிற்று என்றும், நாளையிலிருந்து வரவேண்டாம், விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றும் மாதேஷ் சொன்னான். கூப்பிடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் கேட் பக்கத்தில் லாவண்யா நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தன்க்கா," என்றாள். அவ்வளவுதான். ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் ஜோதிமணி முனீஸ்வரனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான்.

"நீ எதுக்கு வாயத் தொறக்கற? அவ சின்னப் பொண்ணு, சிப்காட்டுல இன்னொரு கம்பெனி கெடைக்காமலா போயிடும்? உனக்குக் கண்ணு தெரியலன்னு வெளிய தெரிஞ்சா கூட்டிப் பெருக்கறதுக்குக்கூட எடுக்க மாட்டாங்க. சுசிக்கு இன்னும் ஒன்றர வருசம் இருக்குது, நெனப்பிருக்கா?"

"அது பிரேக்குல மாட்டறதுங்க."

அவன் தள்ளிவைத்த தட்டையே பார்த்தான். பிறகு, "ரெண்டாயிரம் ரூவா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பன்?" என்றான்.

"சொல்ல மாட்டீங்க. வாங்கிக் குடுத்துடுவீங்கன்னுதான் நான் கேக்கல."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பதினாலு மாசத்து போனஸில் எட்டுக் கண்ணாடி வாங்கியிருக்கலாம். அந்தக் கணக்கு அவளுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன் மாதேஷின் கண்ணாடி அறைக்குப் போனாள். அந்த இரண்டு நாளும் மஞ்சள் மார்க்கரைத் தானும் எடுத்ததை, தனக்குக் கண் தெரியாததை, நேற்று தெரிகிறது என்று பொய் சொன்னதைச் சொல்லி முடித்தாள். மாதேஷ் டிரேயிலிருந்து ஒரு பீஸை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"விரிசல் எங்க இருக்குது, காட்டுங்க."

அவள் சும்மா ஒரு இடத்தைத் தொட்டாள். அவன் பீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"எத்தன நாளா இப்படி?"

"பதினாலு மாசமா சார்."

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். கோபப்படுவான் என்று பார்த்தாள். அவன் முகத்தில் கோபமில்லை, பயந்துபோயிருந்தான்.

"பேடக்கா, அதச் சொல்லாதீங்க. பதினாலு மாசம்னு மேல போச்சுன்னா நீங்க பச்சப் புள்ளி வெச்ச அத்தனையும் திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க. எத்தன லட்சம் வண்டி ஓடுதோ. கம்பெனி தாங்காது. ரெண்டு நாளுன்னு எழுதிக்கலாம். கண்ணுல தூசி, மருந்து விட்டிருந்தீங்க, ரெண்டு நாளு மங்கலா இருந்துச்சு. ஆய்த்து. லாவண்யாவ நாளைக்கே வரச் சொல்றேன், லிஸ்ட்லயும் பேரு வந்துடும். உங்கள பேக்கிங்குக்கு மாத்திடறேன். யாருக்கும் நஷ்டமில்ல."

யாருக்கும் நஷ்டமில்லை. எவ்வளவு லேசாக இருந்தது கேட்பதற்கு. லாவண்யாவுக்கு வேலை, சுசித்ராவுக்கு பீஸ், தனக்குச் சம்பளம். இரண்டு வார்த்தையை மாற்றினால் எல்லாம் மிச்சம். ஜோதிமணிக்கு மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான் நிஜம். ஆனால் வாய் வேறு சொன்னது.

"இருக்கறத எழுதுங்க சார். பதினாலு மாசம்னே எழுதுங்க."

மாதேஷ் அவளையே பார்த்தான். பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு தாளை எடுத்துக் கடகடவென்று எழுதினான். எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தும் காட்டினான். 'கடந்த பதினாலு மாதங்களாக எனக்குக் கண் பார்வை சரியில்லை' என்று படித்தான். "கையெழுத்துப் போடுங்க," என்று தாளை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் குனிந்தாள். கிட்டத்தில் எல்லாம் ஒரே கலங்கல், எறும்பு ஊர்வதுபோல. தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிப் பிடித்தாள். எழுத்து ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. 'ஜூலையில் இரண்டு நாட்கள் மட்டும்' என்று இருந்தது.

"விரிசல்தான் சார் தெரியாது," என்றாள் ஜோதிமணி. "எழுத்த எட்டத்துல புடிச்சா தெரியும்."

வெளியே ஷிப்ட் மணி அடித்தது. அவள் தாளை மேஜையில் வைத்து, எழுதியிருந்த இடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"இத நானே அடிச்சு எழுதறேன், பேனாவக் குடுங்க," என்றாள். அவன் பேனாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.