நெய்ச்சோறு தின்ற கடா

புவனகிரியில் பக்ரீத் குர்பானிக்குச் சந்தையிலிருந்துதான் கடா பிடித்து வருவார்கள். ஷரீபாவுக்கு அது ஒத்துவராது. தன் கையால் தீனி வைத்து வளர்த்ததைக் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி என்பாள். ஒரு வருஷமாக ரைஸ்மில் தவிடு, குருணைக் கஞ்சி, உளுந்தம்பொட்டு, கடலைப்புண்ணாக்கு, சீசனில் பண்ருட்டியிலிருந்து வரும் பலாச்சக்கை என்று போட்டுப் போட்டே எருமைக்கடாவைத் திமுதிமுவென்று ஆக்கியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பாடுபட்டவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பக்கத்துத் தெருவில் கல்யாணம். நெய்ச்சோறு ஒரு அண்டா மீந்துவிட்டது. அதைக் குப்பையில் கொட்ட ஷரீபாவுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, கடா ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

காலையில் அது எழுந்திருக்கவில்லை. இடப்பக்க வயிறு உப்பிக் கிடந்தது. அசைபோடவும் இல்லை. எதிர்வீட்டுக் கண்ணாயிரம் கறவை மாடு வைத்திருப்பவர். பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்.

"சோறு வச்சியாம்மா? மாட்டுப் பொங்கலன்னிக்கு நாங்களும் இதத்தான் பண்றோம். பாசத்துல பொங்கல அள்ளி வச்சிட்டு, மறுநாளு டாக்டரத் தேடி ஓடுறோம்."

மாட்டு டாக்டர் குமராட்சி முகாமில் இருந்தார். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்லி, "பொழுது சாயறதுக்குள்ள அசைபோட்டா பொழைச்சிக்கும்" என்றார் போனில்.

சிதம்பரத்தில் கறிக்கடை வைத்திருக்கும் தம்பி ரஃபியுதீன் சேதி கேட்டுக் கத்தியோடு வந்துவிட்டான்.

"லாத்தா, உசுரு இருக்கறப்பவே அறுத்துட்டா கறியாச்சும் ஆவும். செத்துட்டா ஹராம். குழிதான் தோண்டணும்."

"இன்னிக்கி அறுத்தா குர்பானி ஆவுமா?"

"எப்புடி ஆவும்? பெருநாள் வரலியே."

"அப்ப கத்திய உள்ள வை."

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னபோதும் கடா அப்படியேதான் கிடந்தது. ரஃபியுதீன் வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்தான். ஷரீபா வயிற்றைத் தேய்த்துவிட்டபடியே இருந்தாள். தம்பி பேச்சைக் கேட்டிருக்கலாமோ என்றுகூட நினைத்தாள்.

வெயில் இறங்கியதும் கடா ஒரு பெரிய ஏப்பம் விட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் தாடை மெல்ல அசையத் தொடங்கியது. ஷரீபா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ரஃபியுதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அடுத்த வாரம் அறுக்கத்தானே லாத்தா போறோம்? அதுக்கு ஏன் இப்புடி அழுவுற?"

"அன்னிக்கி அல்லாவுக்குக் குடுக்கறது," என்றாள் ஷரீபா. "இன்னிக்கிப் போயிருந்தா, நான் கொன்னது."