கடைசி அலசல் தண்ணீர்

பம்பு இருமியது. குழாயில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றுதான் வந்தது. சலவைக்கடைக்காரன் மேல்தொட்டியை எட்டிப் பார்த்தான். பாதிக்கும் கீழே. மூலையிலோ விடுதிக்காரரின் படுக்கை விரிப்புகள் மலையாய்க் குவிந்து கிடந்தன. சாயங்காலத்துக்குள் வெளுத்துக் கொடுக்காவிட்டால் அந்த வாடிக்கை கைவிட்டுப் போய்விடும்.

"போர்வெல் வண்டிக்காரரை வரச் சொல்லிட்டேன்" என்றான் மனைவியிடம். "இன்னும் ஆழமாப் போட்டா ஊறாமலா போயிடும்?"

"மூணாவது போர் போட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"பின்னே, கடையை மூடிட்டு உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

"அப்படி ஒண்ணும் கெட்ட மூஞ்சி இல்லையே."

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அவனுடைய அக்கா காலி வாளியோடு வந்து நின்றாள்.

"என்ன தம்பி, நாலாவதா? உன் முதல் போர்லயே என் கிணறு பாதியாச்சு. மூணாவதுல வத்தியே போச்சு. இனி என் கண்ணுலதான் தண்ணி இருக்கு. அதையும் உறிஞ்சப் போறியா?"

"பூமிக்கு அடியில இருக்கிறதை யாருக்கும் பட்டா போட்டுக் குடுக்கலக்கா."

"அதையேதான் நானும் சொல்றேன். உனக்கும் குடுக்கல."

அந்த நேரம் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த ஒரே மெஷினும் வேலையை முடித்துத் தண்ணீரைச் சாக்கடைக்குத் தள்ளத் தொடங்கியது. "உன் சாக்கடையையாவது குடு, வாசல் கழுவிக்கிறேன்" என்று அக்கா மெஷினின் கழிவுக் குழாயடியில் வாளியை வைத்தாள். வம்புக்கு வைத்த வாளிதான். நிரம்பியதும் மூவரும் குனிந்து பார்த்தார்கள். வாளியின் அடியில் இருந்த கீறல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"கடைசி அலசல் தண்ணிங்க இது" என்றாள் மனைவி மெதுவாக. "அடுத்த அழுக்குத் துணியை ஊறப்போட இது போதாதா? அழுக்கைக் கரைக்க நல்ல தண்ணியைத்தான் ஊத்தணுமா?"

"விடுதிக்காரர் கண்டுபிடிச்சிட்டா?"

"முதல்ல உங்க வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பாப்போம். கெட்டா உங்க மானம்தானே போகும்?"

வாளித் தண்ணீரில் துவைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் தொட்டித் தண்ணீர் விட்டார்கள். கொடியில் தொங்கிய சட்டையின் காலரைப் புரட்டிப் பார்த்தாள் அக்கா. "உன் கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இவ்வளவு வெளுப்பா சட்டை போடலடா."

அதன்பின் கழிவுக் குழாயடியில் பெரிய பீப்பாய் வந்து நின்றது. ஒரு நடையின் அலசல் தண்ணீர் அடுத்த நடைக்கு ஊறப்போடும் தண்ணீரானது. சாயங்காலம் கடைசி விரிப்பை மடித்தபோது தொட்டியில் தண்ணீர் மிச்சம் இருந்தது.

வாசலில் போர் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவன் போய், திரும்பிப் போகச் சொன்னான்.

"ஏன், தண்ணி ஊறிடுச்சா?" என்றார் வண்டிக்காரர்.

"புத்தி ஊறிடுச்சுங்க. பூமி குடுக்கிறதுக்கு ஒரு அளவு இருக்கு. யோசிச்சா, அந்த அளவுக்குள்ளயே வளர ஆயிரம் வழி இருக்கு. இத்தனை நாளா நான் யோசிக்காம தோண்டிக்கிட்டே இருந்துட்டேன்."

அக்கா விடவில்லை. "மழை வந்தா மாடித் தண்ணியை உன் வத்துன பழைய போருக்குள்ள இறக்கி விடு. எடுத்த இடத்துல திருப்பி வைக்கிறவனுக்குத்தான் மறுபடி எடுக்க உரிமை உண்டு."

அவன் தலையாட்டிவிட்டு, பீப்பாயில் ஒரு வாளி மொண்டுகொண்டு அக்கா வீட்டு வாசலைக் கழுவக் கிளம்பினான்.