ஓங்காளம்

தொழுவத்து வாசலில் குழாய்த் தண்ணீர் ஒரு கோடாக வழிந்து கிடந்தது. பெல்லா என்ற தாய்மாடு அந்தக் கோட்டைத் தாண்ட மறுத்து நின்றது. ஏதோ ஆழமான கிடங்கைக் கண்டதுபோலத் தலையைத் தாழ்த்திப் பார்த்தது. மூக்கை நக்கியது, மறுபடியும் நக்கியது. பின்னால் நின்ற ஜெயமலர் அதன் முதுகைத் தட்டினாள். கை பட்டதும் தோல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. அடுத்த கணம் மாடு பாய்ந்தது. பின்னங்கால்கள் இரண்டும் வழுக்க, இடுப்பு சீமெந்தில் மோதி விழுந்தது. கன்று ஓடிவந்து மடியைத் தேடியபோது தாய் அதைத் தெரியாத பிராணியைப் பார்ப்பதுபோல வெறித்துப் பார்த்தது.

ஊஸ்டர் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கி, மேட்டில் ஏறினால் வால்டரின் பண்ணை. ஜெயமலர் அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். அகதி பெர்மிட்டோடு தோட்டம், தொழுவம், சமையலறை தவிர வேறு வேலை கிடைப்பது அபூர்வம். வால்டர் பால் கறப்பதில்லை. கன்றுகள் தாயோடு புல்வெளியில் திரிந்து, குடித்து, மேய்ந்து வளரும். பத்து மாதத்தில் இறைச்சிக்குப் போகும். பால்மாட்டுக்காரர்கள் பிறந்த அன்றே கன்றைப் பிரிப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இந்த வளர்ப்புக்கு மாறியதாக வால்டர் சொல்லியிருந்தார். முதல் வருடம் அவளுக்கு எல்லாமே அருவருப்பாக இருந்தது. ஈன்ற மாடு தன் நச்சுக்கொடியை மென்று விழுங்கியதைக் கண்டு வேலிக்கு அப்பால் போய் வாந்தி எடுத்தாள். கொழுப்பு ஏறிவிட்டதா என்று கன்றின் வாலடியை வால்டர் பிசைந்து பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் சட்டையைத் தனியாக ஊறப்போடுவாள். நாள் போகப் போக அது குறைந்தது. புல்லைத் தின்று, புல்லில் படுத்து, மழையில் குளிக்கிற மாடுகள். அவற்றில் அசிங்கம் எதுவும் இல்லை என்று பட்டது.

இளம் புல் தின்னும் காலத்தில் மக்னீசியம் குறைந்தால் மாடு இப்படித் தடுமாறும் என்றார் வால்டர். ஊசி போட்டார். இரண்டு நாள் கழித்தும் பெல்லா வாசலில் நின்று நடுங்கியது. அன்று வால்டர் அதைத் தொடவில்லை. வேலித்தூணில் சாய்ந்து தூரத்திலிருந்தே பார்த்தார்.

"இதை நான் இளங்கிடாரியாக வாங்கினேன், ஒரு பால் பண்ணையில்," என்றார். "அந்தக் காலத்தில் அங்கே கன்றுகளுக்கு மாவு கொடுப்பார்கள்."

"என்ன மாவு?"

அவர் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். "இறைச்சி மாவு. எலும்பு மாவு. செத்த மாடுகளை அரைத்து."

அவளுடைய ஜெர்மன் அவ்வளவு போதாது. தவறாக விளங்கிவிட்டதோ என்று நினைத்தாள். "மாட்டை மாட்டுக்கா?"

"எல்லோரும் கொடுத்தார்கள். பிறகுதான் தடுத்தார்கள்."

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஓங்காளம் எழுந்தது. நச்சுக்கொடியைத் தின்ற மாட்டைக் கண்டபோது வந்ததுபோல அல்ல. அது மிருகம் தானாகச் செய்தது. இது மனிதர் உட்கார்ந்து யோசித்து, அரைத்து, மூட்டை கட்டி, கன்றின் வாயில் வைத்தது.

அந்த மாவினால் மாட்டின் மூளையைத் தின்கிற நோய் வரும், ஒரு மாட்டுக்கு அது என்று உறுதியானால் முழு மந்தையையும் கொல்லவேண்டும், அதுதான் சட்டம் என்றார் வால்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். வியாழன் காலை வியாபாரி வருவான், பெல்லாவைக் கொண்டுபோய்விடுவான். இறைச்சியாகிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கண்களைப் பார்க்கவும் அவளுக்குக் குமட்டியது.

வீட்டில் கணவன் யோகராஜாவிடம் சொன்னாள். அவன் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"விசர் மாட்டு வருத்தமோ?"

"ஓம். அப்பிடித்தான் கிடக்கு. வித்துப்போட்டால் சனம் தின்னப்போகுது, அதுகளுக்கும் வந்திடும்."

"தின்னட்டும். நாங்கள் மாடு தின்னுறேல்லைத்தானே. எங்களுக்கென்ன?"

"நீங்கள் இல்லத்துச் சனத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறியள்தானேயப்பா. ஞாயிற்றுக்கிழமையிலை அவிச்ச மாட்டிறைச்சி எண்டு சொல்லுவியள். பல்லில்லாத கிழடுகளுக்கு மசிச்சுத் தீத்திவிடுறனெண்டும் சொன்னியள்."

"அதுக்கு? நான் என்ன, மாட்டை வெட்டினனானோ?" அவன் தண்ணீரைக் குடித்தான். "இஞ்சரும், பண்ணைக்காரனோடை கொழுவி வேலையை விட்டால் நாளைக்கு பெர்மிட்டுக்கு என்ன சொல்லுறது? வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

அவன் மறுபடி சோற்றில் கைவைத்துப் பிசைந்தான். விரலிடுக்கில் குழம்பு பிதுங்கியது. எத்தனையோ வருடம் பார்த்த கைதான். அன்று அதைப் பார்க்க முடியாமல் எழும்பிப் போனாள்.

புதன்கிழமை மருந்து வாங்குவதாகச் சொல்லிவிட்டுக் கிராமத்து மாட்டு வைத்தியரிடம் போனாள். வெள்ளைத் தாடிக்காரர். அவளை வால்டரோடு கண்டிருக்கிறார். பஸ்ஸில் பாடமாக்கி வந்த வசனம் வாயில் வரவில்லை. "பெல்லா பயப்படுது. தண்ணிக்குப் பயம். விழுது. நாளைக்குக் காலமை வியாபாரி," என்று துண்டு துண்டாகச் சொன்னாள். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வியாழன் காலை வியாபாரி லொறியின் பின்பலகையை இறக்கி வைத்திருந்தான். பெல்லா ஏற மறுத்தது. அவன் வாலைப் பிடித்து முறுக்கினான். தடியால் முதுகெலும்பில் அடித்தான். மாடு மூத்திரம் கழித்து அதிலேயே வழுக்கி முழங்காலில் நின்றது. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. "ஏறு, பன்றியே," என்று அவன் சிரித்தான். வால்டர் முன்னால் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டி வேலிக்குள் நின்று கத்தியது. அந்த நேரம் வைத்தியரின் கார் மேட்டில் ஏறி வந்தது.

அவர் மாட்டுக்கு அருகே போய் ஒருமுறை கையைத் தட்டினார். பெல்லா துள்ளி, கால் மடங்கி, பக்கவாட்டில் சரிந்தது. வியாபாரி தடியை எறிந்துவிட்டு, பலகையைத் தூக்கிப் பூட்டி, லொறியை எடுத்துக்கொண்டு போனான்.

பெல்லாவை அங்கேயே ஊசி போட்டுக் கொன்றார்கள். தலையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த கிழமை பதில் வந்தது. அந்த நோய்தான். மந்தை முழுவதும் போகவேண்டும், இறைச்சிக்கல்ல, எரிப்பதற்கு. பெல்லாவின் கன்றும் அதில் அடக்கம். அதன் கால்களில் வாளிக் கயிற்றைக் கட்டி இழுத்துப் பிறப்பித்தவளே ஜெயமலர்தான். மந்தை முழுவதும் போகும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். வால்டர் சட்டத்தைச் சொன்ன அன்றே தெரியும். தெரிந்துதான் பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை யோகராஜா வேலைக்குப் போய்வந்து சாப்பிடாமல் படுத்தான். என்ன சமைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை.

லொறிகள் வந்த காலை பனிக்குளிர் இன்னும் விட்டிருக்கவில்லை. மாடுகள் புல்வெளியின் மறுகோடியில் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை மேலங்கி போட்ட ஆட்கள் தடிகளோடு அவற்றை வளைக்கப் போக, மாடுகள் மிரண்டு சிதறின. வால்டர் அவளிடம் வந்தார். சவரம் செய்யாத முகம். சாராயம் மணத்தது.

"நீதானே?"

பொய் சொல்லலாம். அவள் சொல்லவில்லை. "ஓம்," என்றாள் தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.

அடிப்பார் என்று நினைத்தாள். அவர் புல்வெளியைக் காட்டினார். "அவர்களுடைய தடி வேண்டாம். மாடுகள் உன் சத்தத்துக்குத்தான் வரும். நீ கூப்பிடு."

அவள் வேலியைத் திறந்து நின்றாள். "வா... வா... வா..." என்றாள். உப்புக்கட்டியும் ரொட்டித் துண்டும் கொடுக்கும்போது கூப்பிடுகிற அதே குரல். மாடுகள் தலையைத் தூக்கின. முதலில் கிழட்டுச் சிவப்பி, பின்னால் மற்றவை, கன்றுகள் தாய்களை முந்திக்கொண்டு ஓடிவந்தன. பெல்லாவின் கன்று அவளுடைய கையில் ரொட்டி தேடி நக்கியது. சொரசொரத்த, சூடான நாக்கு. லொறிக்குள் போகும்வரை நக்கியது. அவள் கையை இழுக்கவில்லை. உள்ளே விட்டுவிட்டு வந்து வேலியோரம் குனிந்து ஓங்காளித்தாள். வெறும் வயிற்றில் பித்தம்தான் வந்தது. தன் வாயைத் துடைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

லொறிகள் இறக்கத்தில் மறைந்தன. வால்டரும் அவளும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். புல்வெளியெங்கும் மாடுகள் சற்றுமுன் போட்ட சாணம் கும்பல் கும்பலாகக் கிடந்தது. குளிரில் ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.