நான்காவது தூண்

"இந்தத் தூண் ரெண்டு மணி நேரம் நிக்கணும்க்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"பதினோரு வருஷமா நிக்குதுடா, உனக்கு ரெண்டு மணி நேரம்..."

"தீயில நிக்கணும். சும்மா நிக்கிறதை யார் கேட்டா?"

அக்காவின் தையல் பள்ளிக்கு மறுநாள் காலையில் திறப்பு. இருந்த வேலையையும் விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தாள். பன்னிரண்டு மெஷின்கள் எண்ணெய் குடித்துத் தயாராக இருந்தன. அன்று மாலை ஐந்துக்குள் தீப்பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்து விழாவிட்டால் கதவுக்குப் பூட்டு. கையெழுத்துப் போட வேண்டிய ஆய்வாளர் அவளுடைய தம்பியேதான். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று, மற்ற இடங்களில் ஒரு தடவை பார்ப்பதை இங்கே மூன்று தடவை பார்த்தான்.

மூன்று தூண்கள் கான்கிரீட். விதி கேட்ட தடிமன் இருந்தது. நான்காவது மரம். இரண்டு மணி நேரம் தீயைத் தாங்க மரத்தூணைச் சுற்றி இரண்டு அங்குலச் சிமென்ட் பூச்சு வேண்டும் என்றது அவன் கையிலிருந்த விதிப் புத்தகம்.

அது கூரையைத் தாங்கவே இல்லை, கடிகாரம் மாட்ட நட்டது என்றாள் அக்கா. தாங்காத தூணுக்கு விதி கிடையாது, ஆனால் தாங்கவில்லை என்று காட்ட வேண்டும் என்றான் தம்பி. எப்படிக் காட்டுவதாம்? எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தச்சர் ரம்பத்தோடு வந்து அறுத்தார். தூண் சாய்ந்தபோது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். ஒரு பல்லி மட்டும் விழுந்தது.

தம்பி திருப்தியாகத் தலையாட்டிப் பேனாவைத் திறந்தான். கட்டிட வரைபடத்தை விரித்தான். பேனாவை மூடினான்.

"படத்துல நாலு தூண் இருக்கே."

"நீதானேடா எடுக்கச் சொன்ன?"

"எடுத்தது சரிதான்க்கா. ஆனா படமும் இடமும் ஒத்துப்போகணும்."

படத்தைத் திருத்த ஆறு வாரம் ஆகுமாம். மறுபடி நட்டுவிடவா என்று தச்சர் கேட்டார். நட்டால் அது தூண். தூண் என்றால் பூச்சு. பூச்சு காய ஒரு மாதம். தரையில் கிடந்த கடிகாரம் நாலே முக்கால் காட்டியது.

தூண் நின்ற இடத்தில் தரையில் ஒரு சதுர வடு இருந்தது. அக்கா தம்பியைத் தோளைப் பிடித்து நகர்த்தி அதன்மேல் நிறுத்தினாள். கடிகாரத்தை எடுத்துத் துடைத்து, கயிறு கோத்து அவன் கழுத்தில் மாட்டினாள். நாலடி தள்ளிப்போய், வரைபடத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப நாலு தூணும் இருக்கு. சொல்லுடா, நீ தீயில எத்தனை மணி நேரம் நிப்ப?"